ஜீப்பின் தார்ப்பாயும் ஐந்து நாள் கூலியும்

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், வீட்டு வாசலில் நின்றாலே கேரள மலை கண்ணுக்குள் வந்து விழுகிற ஓர் ஊரில், கிராம சுகாதாரச் செவிலியராக நான் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோருக்குப் பிழைப்பு கீழே இல்லை. இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் இருக்கிறது. விடியும் முன்பே சோறாக்கித் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு ஊர்ப் பொதுவெளியான மந்தையில் வந்து நிற்பார்கள். ஆறு மணிக்குள் ஜீப்புகள் வரும். அவர்களை ஏற்றிக்கொண்டு லோயர்கேம்ப் வழியாகக் குமுளிக்கோ, கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கமோ போகும். பொழுது சாயும் நேரத்தில் திரும்ப இறக்கிவிடும். அன்றாடம் காலையும் மாலையும் மாநில எல்லையைக் கடக்கும் இந்தப் பயணத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட தொற்றுநோய்த் திட்டம் எதையும் நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை. 2009ஆம் ஆண்டில், மக்கள் பன்றிக் காய்ச்சல் என்று அழைத்த எச்1என்1 இன்ஃபுளூயன்சா பரவியபோது, எங்கள் ஊருக்குள் அதைக் கொண்டுவந்து சேர்த்ததும் வீடுவீடாகப் பிரித்துக் கொடுத்ததும் அந்த ஜீப்புகள்தாம் என்று இன்றும் எண்ணுகிறேன். ஆய்வகத்தில் நிரூபித்துக் காட்ட முடியாத எண்ணம்தான் அது. ஆனால் யார் யார் எந்த வண்டியில் போனார்கள் என்பதும், யாருக்கு எந்த நாளில் காய்ச்சல் கண்டது என்பதும் என் குறிப்பேட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

அந்த வருடம் ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் தெரியவந்த கிருமி, மே மாதம் ஐதராபாத்துக்கு விமானத்தில் வந்த ஒரு பயணியிடம் கண்டறியப்பட்டது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதை உலகப் பெருந்தொற்றாக அறிவித்தது. அதுவரைக்கும் எங்கள் பக்கத்தில் யாரும் அதைத் தங்கள் காரியமாக நினைக்கவில்லை. ஆகஸ்ட் 3 அன்று புனேயில் பதினான்கு வயது மாணவி ஒருத்தி இறந்த செய்தி தொலைக்காட்சியில் வந்த பிறகுதான் பேச்சு மாறியது. மறுவாரமே கம்பத்து மருந்துக் கடைகளில் முகக்கவசம் கேட்டு ஆட்கள் போனார்கள். பன்றிக் கறி விற்றவர்களின் வியாபாரம் ஒரு குற்றமும் செய்யாமல் படுத்துவிட்டது. கறி சாப்பிட்டு இந்தக் காய்ச்சல் வருவதில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பெயரிலேயே பன்றி இருக்கும்போது நான் சொல்வதை யார் கேட்பார்கள்?

ஆகஸ்ட் மாதம் என்பது ஏலத்தோட்டத்தில் காய் எடுப்புத் தொடங்கி ஆள் தேவை கூடும் காலம். தென்மேற்குப் பருவமழையும் விடாத காலம். மழைக்காக ஜீப்பின் பக்கவாட்டுத் தார்ப்பாயை இறக்கிக் கயிறு கட்டிவிடுவார்கள். பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டிக்குள் பதினைந்து, பதினாறு பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்கிக்கொண்டு, மலை ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல், இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்வருவார்கள். தடுப்பூசி முகாமுக்காக ஒரு நாள் அதே வண்டியில் தொற்றிக்கொண்டு போனபோதுதான் இதை நான் உடம்பில் உணர்ந்தேன். எதிரே இருந்த பெண் இருமினாள். முந்தானையால் வாயைப் பொத்தித்தான் இருமினாள், மரியாதையான பெண். சற்று நேரத்தில் மடியில் இருந்த பிள்ளையின் மூக்கை அதே முந்தானையால் துடைத்துவிட்டாள்.

தோட்டத்துக்குள் போய்விட்டால் திறந்த காற்று, ஆளுக்கொரு ஏலச்செடித் தூர் என்று தள்ளித் தள்ளித்தான் வேலை. அங்கே தொற்று பரவ வாய்ப்புக் குறைவு. அடைத்த வண்டி, மழைக்கு ஒதுங்கிச் சோறு தின்னும் கொட்டகை, காயைப் பொறுக்கிப் பிரிக்கும் ஸ்டோர், அங்கேயே தங்குபவர்களுக்கு லயம் என்னும் தொழிலாளர் வரிசைவீட்டின் ஒற்றை அறை ஆகிய நான்கு இடங்களில்தான் ஆபத்து இருந்தது. காய்ச்சலைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் மனிதர்கள் எங்கே மூடிய காற்றில் நெடுநேரம் சேர்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை எந்தப் பயிற்சி வகுப்பிலும் இவ்வளவு தெளிவாக நான் கற்றதில்லை.

இந்தக் காய்ச்சலின் நாட்கணக்கைப் புரிந்துகொள்ளாமல் மேற்கொண்டு பேச முடியாது. கிருமி உடலுக்குள் புகுந்து ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளில், குறி காட்டும். குறி தெரிவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பே அது பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். அதன்பின் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை தொற்றும். சிறு பிள்ளைகளிடம் இன்னும் கூடுதல் நாட்கள். ஆகவே, எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் நாம் எப்போதும் ஒரு நாள் பின்தங்கித்தான் இருப்போம். முழுவதும் நிறுத்த முடியாத ஒன்றை மெதுவாக்க முடியும், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் இதை விளக்கத் தண்ணீரைத்தான் சொல்வேன். தேக்கடியிலிருந்து வரும் தண்ணீரை ஒரே நாளில் அவிழ்த்துவிட்டால் கரை உடையும். அதையே அளந்து விட்டால் வாய்க்கால் தாங்கும். ஊரில் இருநூறு பேருக்குக் காய்ச்சல் வருவது விதியென்றே வைத்துக்கொண்டாலும், அது இரண்டே வாரத்தில் வருவதற்கும் இரண்டரை மாதத்தில் வருவதற்கும் இடையில்தான் ஒரு கர்ப்பிணிக்கு ஆக்சிஜன் படுக்கை கிடைப்பதும் கிடைக்காததும் இருக்கிறது. தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் தடுப்பூசிக்கு ஒரு வாரம் நெருங்குகிறோம் என்பது இரண்டாவது காரணம். இந்தியாவில் தயாரான தடுப்பூசி 2010ஆம் ஆண்டின் நடுப்பகுதியில்தான் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று பெருந்தொற்று முடிந்ததாகவே அறிவித்துவிட்டார்கள். முதல் பருவம் முழுவதையும் ஊசியில்லாமல்தான் நாங்கள் கடந்தோம்.

மேலிடத்தில் இருந்தவர்களின் கவனமெல்லாம் எல்லையின் மீதே இருந்தது. வண்டியை நிறுத்து, யாருக்குக் காய்ச்சல் என்று கேள், பெயரை எழுது என்றார்கள். கேட்பதற்கு அது பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் குறி தெரியும் முன்பே தொற்றும் நோயைக் கேள்வி கேட்டுப் பிடிக்க முடியாது. கூலி போய்விடுமென்று அஞ்சும் பெண் காலையில் ஒரு பாராசிட்டமால் மாத்திரையை விழுங்கிவிட்டு வண்டியேறினால் வெப்பமானியாலும் பிடிக்க முடியாது. இதில் மொழி வேறு விளையாடியது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். மேலே ஒரு தோட்டத்தில் மேற்பார்வையாளர் வரிசையாக நிறுத்தி, "பனியுண்டோ?" என்று கேட்டிருக்கிறார். புதிதாகப் போன எங்கள் ஊர்ப் பெண் சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஆமா சார், ஏறுனதுல இருந்து ஒரே பனிதான்" என்று சொல்லிவிட்டாள். நல்ல உடம்போடு போனவளை அன்றைக்கு வேலையில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுக்குப் பக்கத்தில், உண்மையிலேயே காய்ச்சலோடு நின்றவள் மலையாளம் தெரிந்தவள். இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எல்லையை அடைத்தே தப்பித்த இடமும் உலகத்தில் இல்லாமல் இல்லை. 1918ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய இன்ஃபுளூயன்சா காய்ச்சலின்போது அமெரிக்க சமோவா தீவுகள் கப்பல்களைக் கரைக்கு விடாமல் காவல் போட்டு ஓர் உயிர்கூட இழக்காமல் தப்பின; பக்கத்திலேயே இருந்த மேற்குச் சமோவா, நவம்பர் மாதத்தில் ஆக்லாந்திலிருந்து வந்த ஒரே ஒரு கப்பலை அனுமதித்ததால் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பறிகொடுத்தது. ஆனால் அவை கடல் சூழ்ந்த தீவுகள். எங்கள் மாவட்டத்திலிருந்து கேரளத்துக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று சாலைகள். அவை போக, ஆடுமாடு ஓட்டிப் போகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த பாதைகள் எத்தனையோ. 2011 டிசம்பரில் பெரியாற்றுப் பிரச்சினையால் குமுளி எல்லை அடைபட்டபோது, எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன். அப்படியோர் அடைப்பைக் காய்ச்சலுக்காக மாதக்கணக்கில் நீட்டினால், பசியால் வரும் சேதத்தை யார் கணக்கெழுதுவார்கள்? நாடுகளின் அளவிலும், எல்லைச் சோதனை இன்ஃபுளூயன்சாவைச் சில நாட்களோ சில வாரங்களோ தாமதப்படுத்தியதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்ததில்லை.

எல்லையில் நின்று கேள்வி கேட்பதை விட்டுவிட்டு மந்தையில் நின்று, தோட்டத்துக்கு ஆள் சேர்த்து அனுப்பும் கங்காணியிடம் பேசுவது என்று முடிவெடுத்தேன். அதற்கு அரசாணை எதுவும் கிடையாது. மூன்று கேட்டேன்: தார்ப்பாயைச் சுருட்டி மேலே கட்ட வேண்டும், வண்டிக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது, காய்ச்சல் கண்டவளை ஏழு நாள் ஏற்றக் கூடாது. முதலாவதற்கு, மழையில் நனைந்தால் அதனாலேயே காய்ச்சல் வரும் என்று பெண்களே சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் மேல்பாதியை மட்டும் சுருட்டி, பின்வாசலைத் திறந்தே வைப்பது என்று உடன்பாடானது. உட்கார்ந்திருப்பவர்களின் முதுகு நனையாமல் தலைக்கு மேலே காற்றுப் போகும். பாதிதான், ஆனால் அந்தப் பாதி அந்தப் பருவம் முழுக்க நடந்தது. இரண்டாவதற்குக் கங்காணி கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் கிடையாது. "ஆளைக் கொறச்சா டீசலுக்கு யாரு காசு குடுப்பா நர்சம்மா? நீங்க குடுப்பீகளா?" என்றார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தோட்டத்தில் கணக்கு. எண்ணிக்கையைக் குறைப்பது அவர் கையிலேயே இல்லை. குறைக்க முடிந்தவர்கள் மேலே பங்களாவில் இருந்தார்கள். அவர்களைப் பார்க்க நான் ஒரு முறை போனேன். தேநீர் கொடுத்து அனுப்பினார்கள்.

மூன்றாவது கோரிக்கைதான் என் கண்ணைத் திறந்தது. காய்ச்சலோடு வேலைக்குப் போகக் காரணம் கூலி மட்டும் என்று நினைத்திருந்தேன். அன்று ரேசனில் அரிசி கிலோ ஒரு ரூபாய், கஞ்சிக்குக் குறைவில்லை. ஒருத்தி, நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு சுவரில் சாய்ந்துகொண்டு விவரம் சொன்னாள்: "காச்சலு ரெண்டு நாள்ல சரியாப் போகும் நர்சம்மா. ஜீப்புல எடம் போச்சுன்னா திரும்பக் கெடைக்காது." அவள் இல்லாத நாளில் அந்த இடத்தில் இன்னொருத்தியைக் கங்காணி ஏற்றிக்கொள்வார், காய் எடுப்புப் பருவம் முடியும்வரை அந்த இடம் அந்த இன்னொருத்திக்குத்தான். அதோடு முன்பணக் கடனும் வாரத் தவணையும் தலைக்கு மேலே நின்றன. 'உடம்பு சரியில்லை என்றால் வீட்டில் இருங்கள்' என்று நாங்கள் சுவரில் எழுதிய வாசகத்தை, அந்த வாசகத்தின் மீதே சாய்ந்துகொண்டு அவள் மறுத்தாள்.

இதன் பிறகு பேச்சை மாற்றினேன். காய்ச்சல் கண்டவளின் இடத்தை அவள் வரும்வரை அவளுக்கே வைத்திருக்க வேண்டும். அதுவரை அவள் வீட்டிலிருந்தோ உறவிலிருந்தோ வேறொருத்தி போகலாம், ஆனால் அவள் இடம் அவளுக்கு என்றேன். கங்காணிக்கு இதில் நட்டமில்லை, ஒப்புக்கொண்டார். ஏழு நாள் என்பதைத்தான் ஏற்கவில்லை. அரசு சொன்னது ஏழு, நான் கேட்டதும் ஏழு, கிடைத்தது ஐந்து. அந்த ஐந்துக்கும் ஒரு நிபந்தனை வைத்தேன்: மாத்திரை போடாமலேயே காய்ச்சல் விட்டு முழுதாக ஒரு நாள் கழிந்திருக்க வேண்டும். மிச்சமிருக்கும் இருமலுக்கு முகக்கவசம், வண்டியில் பின்வாசலை ஒட்டிய இடம். நூல்களில் எழுதியிருப்பதிலிருந்து இது விலகல்தான் என்று எனக்குத் தெரியும். யாரும் கடைப்பிடிக்காத ஏழைவிட எல்லோரும் கடைப்பிடிக்கும் ஐந்து மேலானது என்று அன்று தீர்மானித்தேன். அதற்காக இன்றும் வருந்தவில்லை.

கூலிக்கு என்ன வழி என்பதை நான் சொல்லவில்லை, மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு வயதான பெண் சொன்னாள். "கல்யாணத்துக்குக் கடன் குடுக்குறோம், காதுகுத்துக்குக் குடுக்குறோம், காச்சலுக்குக் குடுத்தா என்னவாம்?" என்று கேட்டுவிட்டு அவள் வெற்றிலையை மடித்தாள். ஐந்து நாள் கூலியில் பாதியைக் குழுச் சேமிப்பிலிருந்து வட்டியில்லாமல் கொடுப்பது, பருவம் முடிந்தபின் சிறுகத் திரும்ப வாங்குவது என்று தீர்மானம் எழுதினார்கள். நான்கு குழுக்களில் இரண்டு சேர்ந்தன. சேராத இரண்டு குழுக்களின் பெண்கள், தனியாரிடம் போய் ஓர் ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே வண்டியேறுவதை நிறுத்தவில்லை. ஊசிக்கு இந்தக் கிருமி அசையாது, அது காய்ச்சலை மட்டும் சில மணி நேரம் மறைக்கும் என்று எவ்வளவு சொன்னாலும், ஊசி போடாத மருத்துவரை எங்கள் பக்கத்தில் மருத்துவராகவே மதிப்பதில்லை.

என் கையால் நடந்த ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். காய்ச்சல் முகாமைச் செவ்வாய்க்கிழமை வைத்தோம். அன்றைக்கு மருத்துவர் கட்டாயம் இருப்பார் என்பதுதான் காரணம். அவர் அன்றைக்கு இருப்பது எதற்காக? செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நாள். 2009ஆம் ஆண்டுக் காய்ச்சல் கர்ப்பிணிகளை, அதிலும் கடைசி மாதங்களில் இருப்பவர்களை, மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்கும் என்று சுற்றறிக்கை வந்து என் மேசையிலேயே இருந்தது. ஒரே தாழ்வாரத்தில், ஒரே பெஞ்சில், இருமுகிறவர்களுக்கு நடுவே ஏழு மாதமும் எட்டு மாதமுமாகப் பெண்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததை நான் அன்று மதியம்தான் கவனித்தேன். அந்த வாரக் கடைசியில் அவர்களில் ஒருத்திக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் இரவில் மூச்சு இரைக்கத் தொடங்கியது. முந்தைய ஆண்டுதான் தமிழ்நாட்டில் தொடங்கியிருந்த 108 ஆம்புலன்சில் தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அவளுக்கு அது எங்கள் பெஞ்சில்தான் தொற்றியதா, ஜீப்பில் போய்வந்த அவள் மாமியாரிடமிருந்து தொற்றியதா என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வழியைத் திறந்து வைத்தவள் நான்.

மறுவாரத்திலிருந்து காய்ச்சல்காரர்கள் யாரும் கட்டடத்துக்குள் வரவில்லை. வெளியே புங்கமரத்தடியில் இரண்டு மேசை போட்டோம். இருமல் இருக்கிறவர்களுக்கு வரும்போதே முகக்கவசம் கொடுத்தோம். மருத்துவரே எழுந்து வந்து பார்த்தார். செலவென்று பார்த்தால் ஒரு தார்ப்பாய், நான்கு நாற்காலி. புதன்கிழமைக் குழந்தைத் தடுப்பூசிக்கும் அதே ஏற்பாடுதான். நோயைப் பரப்பும் இடங்களின் பட்டியலில் மருத்துவமனைத் தாழ்வாரத்தை முதலில் எழுத வேண்டும் என்று புதிதாக வரும் செவிலியர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும் என்ற கூச்சலும் அப்போது இருந்தது. மாதிரி எடுத்தால் அது சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையம் வரை போய்வர வேண்டும். முடிவு வருவதற்குள் நோயாளி ஒன்று தேறியிருப்பார், இல்லையென்றால் கைமீறிப் போயிருப்பார். அந்த ஆகஸ்டில் மத்திய அரசு கொடுத்த மூன்று பிரிவுகள்தாம் எங்களைக் காப்பாற்றின என்று சொல்வேன். லேசான காய்ச்சல், இருமல், தொண்டைவலி என்றால் பரிசோதனையும் வேண்டாம், கிருமியை அடக்கும் ஓசெல்டாமிவிர் மருந்தும் வேண்டாம். வீட்டில் இருக்க வேண்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாங்கள் போய்ப் பார்க்க வேண்டும். கடுங்காய்ச்சல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், அறுபத்தைந்தைக் கடந்தவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை, இதயநோய் போன்றவை உள்ளவர்கள் என்றால் பரிசோதனைக்குக் காத்திராமல் மருத்துவர் மருந்தைத் தொடங்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், இரத்தம் கலந்த சளி, நகம் நீலம்பாரித்தல், பிள்ளை பால் குடிக்க மறுத்தல் என்றால் உடனே பெரிய மருத்துவமனை, அங்கே பரிசோதனை. இந்த மூன்றாவது பிரிவை மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதி ரேசன் கடையிலும் பால் சொசைட்டியிலும் ஒட்டினோம்: 'பேசும்போது இடையில் மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று இருக்காதே.' ஓசெல்டாமிவிர் முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன் என்பதால், கர்ப்பிணிகளின் வீடுகளில் மட்டும் காய்ச்சல் என்றால் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்று கட்டளையாகவே வைத்தேன்.

வீட்டில் தனியாக இருங்கள் என்பதும் எங்கள் வீடுகளுக்கு ஏற்ற சொல் அன்று. ஒரே அறை, அதற்கு முன்னால் ஒரு திண்ணை. ஆகவே தனி அறை என்பதை விட்டுவிட்டுக் காற்றைப் பற்றிப் பேசினேன். காய்ச்சல்காரர் திண்ணையிலோ வாசலை ஒட்டியோ படுப்பது, கதவையும் சன்னலையும் பகலில் அடைக்காமலிருப்பது, தலைமாடு கால்மாடாக மாற்றிப் படுப்பது, ஒரே ஆள் மட்டும் கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொள்வது, அந்த ஆள் கர்ப்பிணியாக இல்லாமலிருப்பது. தட்டையும் டம்ளரையும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். தனித் தட்டு வைத்து ஒதுக்குவது போல் காட்ட வேண்டாம் என்று சொல்வேன், அந்த வழக்கத்துக்கு எங்கள் ஊர்களில் வேறு கசப்பான பொருள் உண்டு. முந்தானையில் இருமுவதை நிறுத்தச் சொல்லவில்லை. இருமுவதற்கென்று ஒரு பழைய துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். மலைக்குப் போகும் பெண்கள் எப்படியும் தலைக்கு ஒரு துண்டு கட்டுவார்கள். இன்னொரு துண்டு அவர்களுக்குப் பாரமாகத் தெரியவில்லை. முழங்கை மடிப்பில் இருமும் வழக்கத்தைப் பள்ளிப் பிள்ளைகள்தாம் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி எனக்கும் எங்கள் மருத்துவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. பிள்ளைகள்தாம் இந்தக் காய்ச்சலை வேகமாக வாங்கி வேகமாகக் கொடுப்பவர்கள். மூடுவதென்றால் முதலிலேயே மூட வேண்டும் என்றார் அவர். அவர் பக்கத்தில் வரலாறு இருந்தது. 1918இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் செப்டம்பர் 28 அன்று இரண்டு இலட்சம் பேர் திரண்ட ஊர்வலத்தை நடத்திவிட்டு, அதன் பிறகுதான் கதவுகளை அடைத்தது. அதே நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரம் நோய் கண்ட சில நாட்களிலேயே பள்ளிகளையும் திரையரங்குகளையும் மூடியது. சாவு உச்சத்துக்குப் போன அளவு இரண்டு ஊர்களிலும் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தது. நான் மறுத்தது வேறு காரணத்துக்காக. எங்கள் ஊரில் பள்ளியை மூடினால் சத்துணவு போகும். பெரிய பிள்ளைகள் அம்மாவோடு ஜீப்பில் ஏறி மலைக்குப் போகும். மூடிய வகுப்பிலிருந்து அதைவிட மூடிய வண்டிக்குப் பிள்ளைகளை மாற்றி என்ன ஆகப்போகிறது?

சிறு பிள்ளைகள் கிழவிகளிடம் இருப்பார்களே என்பதும் என் கவலையாக இருந்தது. ஆனால் அந்த வருடத்துக் காய்ச்சலில் ஒரு விசித்திரம்: வயதானவர்களுக்கு அது குறைவாகவே வந்தது. 1918ஆம் ஆண்டுக் கிருமியின் வழிவந்த எச்1என்1 வகைகள் 1957 வரை உலகில் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு ஆசியக் காய்ச்சல் வந்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்கு முன் பிறந்தவர்களின் உடம்பில் பழைய பகையின் நினைவு கொஞ்சம் மிச்சமிருந்தது. அடுத்த பெருந்தொற்றும் இப்படிக் கிழவிகளுக்குச் சலுகை காட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. 2020 அதைத் தெளிவாகவே காட்டியது.

கடைசியில் பள்ளியை மூடவில்லை. தலைமையாசிரியர் தினமும் காலை பத்தரை மணிக்கு, எந்த வகுப்பில் எத்தனை பேர் வரவில்லை என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார். ஒரு வகுப்பில் ஐந்து பேருக்கு மேல் வராவிட்டால் அன்றே அந்த வீடுகளுக்குப் போனேன். எந்த ஆய்வகத்தைவிடவும் நான்கைந்து நாள் முன்னதாக அந்த வருகைப் பதிவேடு எனக்குச் செய்தி சொன்னது. நான்காம் வகுப்பை மட்டும் ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பினோம். சத்துணவை அந்தப் பிள்ளைகள் பாத்திரத்தில் வாங்கிப்போனார்கள்.

எனக்கு இதைவிட மதிப்பான செய்தி மலைக்கு மேலிருந்து வந்தது. எங்கள் பெண்கள் போகும் தோட்டங்களின் பக்கத்தில் இருந்த ஓர் ஆஷா பணியாளர் (ஊர் அளவில் வேலை பார்க்கும் சமூக சுகாதாரப் பணியாளர்), தமிழும் மலையாளமும் கலந்து பேசுபவர், லயங்களில் தங்கியிருந்தவர்களைக் கவனித்து வந்தார். இரண்டு மாநிலங்களின் அறிக்கைகளும் தனித்தனியே இரண்டு தலைநகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவை எங்கேயாவது சந்தித்துக்கொண்டனவா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் இரவு எட்டு மணிக்குப் பேசிக்கொண்டோம். எந்த லயத்தில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று அவர் சொல்வார்; அந்தத் தோட்டத்துக்குப் போகும் ஜீப் எது என்று என் குறிப்பேட்டில் பார்ப்பேன். மறுநாள் காலை மந்தையில் அந்த வண்டிக்காரர்களோடு மட்டும் கூடுதலாகக் கால் மணி நேரம் நிற்பேன். கார்த்திகையில் சபரிமலைக் கூட்டம் எங்கள் சாலையை நிறைத்தபோது, இந்தப் பேச்சு அன்றாடம் இருமுறை ஆனது.

இந்த ஏற்பாடுகளில் எது எவ்வளவு பலித்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஏலக்காயை ஒரே சல்லடையில் தரம் பிரிப்பதில்லை. ஒன்றில் நழுவியது அடுத்ததில் நிற்கும். தார்ப்பாயில் நழுவியது ஐந்து நாள் ஓய்வில் நின்றிருக்கலாம், அதிலும் நழுவியது புங்கமரத்தடியில் நின்றிருக்கலாம். மூன்று மாதம் காய்ச்சல் ஊருக்குள் இருந்தது, ஒரே வாரத்தில் பத்துப் பேருக்கு மேல் படுக்கவில்லை, சாவு இல்லை. ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களோடு நான் வாதாடுவதில்லை.

ஓய்வு பெற்றபோது, என் இடத்துக்கு வந்த பெண்ணிடம் அந்தக் குறிப்பேட்டைக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் எட்டு ஜீப்புகளின் எண்கள், ஓட்டுநர், கங்காணி, போகும் தோட்டம். அடுத்த பக்கத்தில் தலைமையாசிரியர், குழுத் தலைவிகள், மலைக்கு மேலே இருக்கும் ஆஷா. மருத்துவமனை எண்கள் மூன்றாம் பக்கத்தில்தான் வரும். எட்டில் மூன்று ஜீப்புகள் இப்போது ஓடவில்லை. புதிதாக வந்தவற்றின் எண்களை ஒரு நாள் விடிகாலையில் மந்தையில் நின்று அவளே எழுதிக்கொள்ள வேண்டும் என்றும், ஐந்தரைக்குள் போனால்தான் கங்காணிகள் பேச நேரம் கொடுப்பார்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.